சாவடிப் பதிவேடும் ஒரு நோட்டுப் புத்தகமும்

சென்ற மாதம் பக்கத்து ஊர்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் பட்டிமன்றம் பேச என்னை அழைத்தார்கள். மனிதனின் குணத்தைத் தீர்மானிப்பது பிறப்பா, வளர்ப்பா என்பது தலைப்பு. எந்த அணியில் பேசுகிறீர்கள் என்று என்னிடம் கேட்கவே இல்லை. உசிலம்பட்டி வட்டாரத்தில் இருபது ஆண்டுகளாக நான் 'வளர்ப்பே' என்று மட்டும்தான் பேசியிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியும். என் பெயரை அந்தப் பக்கத்தில் எழுதி, அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தார்கள். உடல்நிலை சரியில்லை, வர இயலாது என்று சொல்லிவிட்டேன். உடல் நன்றாகத்தான் இருந்தது. உண்மையான காரணத்தைத் தொலைபேசியில் இரண்டு வாக்கியங்களில் சொல்லத் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ரேகை வைத்த கை

என் தாத்தா பிரமலைக் கள்ளர். 1915 வாக்கில் பிறந்தவர். வாலிபரானதும் அவருடைய பத்து விரல்களின் ரேகையும் காவல் நிலையத்தில் பதிவாயின. அவர் எதையும் திருடியிருக்கவில்லை. பதிவு செய்வதற்கு அப்படி ஒரு குற்றம் தேவைப்படவும் இல்லை. பிறந்த சாதியே போதுமானதாக இருந்தது. இரவு 11 மணிக்குள் சாவடிக்குப் போய்ப் பெயரைச் சொல்லிவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். விடியற்காலை 5 மணிக்குத்தான் வீடு திரும்பலாம். வெளியூர் போவதானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். தன் அக்காள் இறந்த செய்தி வந்த நாளில், சீட்டு எழுதித் தர வேண்டியவர் ஊரில் இல்லாததால், அடக்கம் முடிந்த மறுநாள்தான் தாத்தா அங்கே போய்ச் சேர்ந்தார். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. சட்டம் போய் நாற்பது ஆண்டுகள் கடந்த பிறகும், இரவு 11 மணி வாக்கில் விழித்துத் திண்ணையில் வந்து சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி படுப்பார். நான் அவருக்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தவன்.

குற்றப் பரம்பரைச் சட்டத்தின் வரலாற்றை எங்கள் பகுதிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக மதராஸ் மாகாணத்துக்கும் வந்த அந்தச் சட்டத்தின் அடியில் இருந்த எண்ணத்தைத்தான் நான் இங்கே பேச விரும்புகிறேன். தச்சன் மகன் தச்சனாவதைப் போல, கொல்லன் மகன் கொல்லனாவதைப் போல, குற்றமும் தகப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கும் என்று ஆட்சியாளர்கள் நம்பினார்கள். அதே காலத்தில், 1876இல், இத்தாலியில் செசாரே லொம்ப்ரோசோ என்ற மருத்துவர் மண்டை ஓட்டின் வடிவத்தையும் தாடையின் அளவையும் வைத்துப் பிறவிக் குற்றவாளிகளை அடையாளம் காண முடியும் என்று எழுதினார். அறிவியலின் உடையை அணிந்துகொண்டு வந்த அந்த நம்பிக்கை எங்கள் ஊர்ச் சாவடி வரைக்கும் நடந்து வந்தது. ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் என்று பலர் போராடி, 1947இல்தான் நம் மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது.

இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் 'ரத்தம்' என்ற சொல்லைக் கேட்டாலே கொதிப்பதில் வியப்பில்லை. பட்டிமன்ற மேடையில் என் வாதம் எப்போதும் ஒரே இடத்தில்தான் முடியும். ரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்து ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் நிற்கிறார்களே, ரத்தம் மாறிவிட்டதா, அல்லது பள்ளிக்கூடம் வந்ததா என்று கேட்பேன். அரங்கம் கைதட்டும். அந்தக் கேள்வி இன்றும் சரியான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியின் பலத்தில் நான் இன்னொரு முடிவுக்குத் தாவியிருந்தேன். மனிதனிடம் பிறவியிலேயே எதுவும் கிடையாது, குழந்தை வெறும் ஈரக் களிமண், வனைகிற கைக்கு ஏற்ற பானைதான் வரும் என்று நம்பினேன். பானை கோணலாக வந்தால் கை சரியில்லை என்றாகிறது. அந்தக் கை யாருடையது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

நான் சொன்ன வைத்தியம்

என் தங்கை மதுரையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள். அவள் மகன் இரண்டரை வயதாகியும் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் அடுத்த தெருவில் குல்பி வண்டியின் மணி அடித்தால் அவனுக்குக் கேட்கும். பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு, அதன் சக்கரத்தை மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருப்பான். குழந்தைகள் நல மருத்துவர் ஆட்டிசமாக இருக்கலாம் என்று சொல்லி, மேற்கொண்டு சோதனைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் எழுதிக் கொடுத்தார். தங்கை அழுதுகொண்டே எனக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

நான் சொன்ன பதில் வார்த்தை பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது. "டாக்டருங்க இப்ப எல்லாத்துக்கும் ஒரு பேரு வச்சிருக்காங்க. நீயும் மாப்பிள்ளையும் காலையில போனா ராத்திரிதான் வர்றீங்க. புள்ளைகிட்ட பேச ஆளு இல்ல, அப்புறம் எப்படிப் பேசுவான்? லீவு போட்டுட்டு ஊருக்கு வா. ஆறு மாசத்துல பேச வச்சுக் காட்டுறேன்." நான் அன்போடுதான் சொன்னேன். ஒரு குழந்தைக்கு முத்திரை குத்துவதை எதிர்த்து நிற்கிறேன் என்றே நினைத்தேன். என் தாத்தாவின் விரல்களில் பூசிய மை என் கண்ணில் இருந்தது. பிறவியிலேயே இப்படி என்று யாராவது சொன்னால் அதை மறுப்பதுதான் நியாயத்தின் பக்கம் நிற்பது என்று அத்தனை ஆண்டுகளாகப் பழகியிருந்தேன்.

அவள் வந்தாள். சம்பளமில்லா விடுப்பில் ஓராண்டு அம்மா வீட்டில் இருந்தாள். வீடு நிறைய ஆட்கள், தெரு நிறையப் பிள்ளைகள், கோழி, ஆடு, கோயில் திருவிழா என்று ஒரு குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய எல்லாம் அவனுக்குக் கிடைத்தன. அவன் பேசவில்லை. சத்தம் அதிகமானால் காதைப் பொத்திக்கொண்டு தானியக் குதிருக்குப் பின்னால் போய் ஒடுங்கினான். வந்து பார்த்த உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதிகமாகச் சொன்னவன் நான்தான். செல்போனைக் கையில் கொடுக்காதே, சோறு ஊட்டும்போது கதை சொல்லு, முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள், நீ சோர்ந்திருப்பது அவனுக்குத் தெரிகிறது என்று வாரந்தோறும் போய்ச் சொல்வேன். பயிற்சிக்குப் போயிருக்க வேண்டிய ஓராண்டு அப்படிப் போனது. அந்த ஆண்டை என்னால் அவனுக்குத் திருப்பித் தர முடியாது.

அந்த விடுப்பு முடியும் தறுவாயில் ஒரு நாள் அம்மாவின் மருந்துச் சீட்டைத் தேடி அலமாரியைத் திறந்தேன். பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் கோடு போட்ட நோட்டு ஒன்று இருந்தது. தங்கையின் கையெழுத்து. தேதி போட்டு, நேரம் போட்டு எழுதியிருந்தாள். காலை 6 முதல் 7 வரை பேசினேன், படம் காட்டினேன். 8 முதல் 8.30 வரை சோறு ஊட்டும்போது காக்கா கதை. 11 மணிக்கு மாட்டைக் காட்டிப் பெயர் சொன்னேன், 40 தடவை. இன்று முழுவதும் போன் காட்டவில்லை. இன்று நான் அழவில்லை. இப்படி ஒரு நாள் விடாமல் பதினோரு மாதம். எதற்காக இது என்று கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "நீங்க கேப்பீங்கன்னுதான்ணே எழுதி வச்சேன்."

நான் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே திண்ணையில் வந்து உட்கார்ந்தேன். சாவடியில் ஒரு பதிவேடு இருந்தது. அதில் தினமும் தாத்தா தன்னை ஒப்புவிக்க வேண்டியிருந்தது. என் தங்கையும் ஒரு பதிவேடு வைத்திருந்தாள். அவள் தினமும் தன்னை ஒப்புவித்தது என்னிடம். தாத்தா மேல் சுமத்திய பழி ரத்தத்தின் பெயரால் வந்தது. இவள் மேல் சுமத்திய பழி வளர்ப்பின் பெயரால் வந்தது. அதைச் சுமத்தியவன் ரத்தம் என்ற சொல்லை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவன்.

குளிர்ந்த தாய் என்ற பழி

அதன் பிறகுதான் படித்தேன். படிக்கப் படிக்க, நான் செய்தது புதிய தவறு அன்று, எனக்கு முன்பே பெரிய அறிஞர்கள் செய்த தவறு என்று தெரிந்தது. அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோது, இது பிறவியிலேயே வருகிறது என்றுதான் முதலில் கருதினார். ஆனால் பெற்றோரிடம் அன்பின் கதகதப்பு குறைவாக இருப்பதாகவும் சேர்த்து எழுதினார். 1949இல், பனி உருகாத குளிர்பதனப் பெட்டியில் வைத்தது போல அந்தக் குழந்தைகள் வளர்க்கப்பட்டதாக எழுதும் அளவுக்குப் போனார். அந்த உவமை பிடித்துக்கொண்டது. 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்ற பெயரைச் சுமந்துகொண்டு ஒரு தலைமுறைத் தாய்மார்கள் வாழ்ந்தார்கள்.

அந்தக் கருத்தை மிகத் தீவிரமாகப் பரப்பியவர் சிகாகோவில் மனநலம் குன்றிய குழந்தைகளுக்கான பள்ளியை நடத்திய புருனோ பெட்டல்ஹைம். குழந்தை இல்லாமல் இருந்திருக்கலாம் என்று பெற்றோர் உள்ளூர நினைப்பதுதான் நோய்க்குக் காரணம் என்று 1967இல் எழுதினார். வதைமுகாம் கைதிகளின் நிலையோடு அந்தக் குழந்தைகளின் நிலையை ஒப்பிட்டார். வதைமுகாம் என்பது அவர் புத்தகத்தில் படித்தது அன்று. அவர் யூதர், 1938இலும் 1939இலும் டாஹாவ், பூஹன்வால்ட் முகாம்களில் அடைபட்டிருந்தவர். பிறப்பை வைத்து மனிதனைத் தீர்மானித்த ஒரு கொடுங்கொள்கை அவரைச் சிறையில் போட்டது. அங்கிருந்து வெளியே வந்த மனிதர், எல்லாம் வளர்ப்பே என்ற இன்னொரு கொள்கையால் தாய்மார்களைக் கூண்டில் ஏற்றினார். இதைப் படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் அறிஞர், நான் பள்ளி ஆசிரியர். நடந்து வந்த பாதை ஒன்றாகவே இருந்தது.

அந்தக் கூண்டைத் திறக்கத் தொடங்கியவர்களில் ஒருவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள பையனின் தகப்பன். இது உடலில் தோன்றுவது, தாயின் மனத்தில் தோன்றுவது அன்று என்று 1964இல் அவர் விரிவாக வாதிட்டார். 1969இல் பெற்றோர்களின் கூட்டம் ஒன்றில் கானரே எழுந்து, உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்ற பொருளில் பேசினார். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் பிரிட்டனில் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருமுட்டைகளிலிருந்து பிறந்த 10 இணைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. மரபணு பேசுகிறது என்பதற்கு அது முதல் வலுவான சான்று. அதே ஆய்வில் மீதி 7 இணைகளும் இருக்கின்றன என்பதையும் நான் பார்க்கிறேன். ஒரே மரபணுவைப் பகிர்ந்துகொண்ட அந்த 14 பேரில் பாதிப் பேருக்கு இருந்தது, பாதிப் பேருக்கு இல்லை. மரபணு பேசுகிறது, அது சொல்வதுதான் கடைசி வார்த்தை என்று ஆகிவிடவில்லை.

நம் பழமொழி ஒன்றை இந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 'நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை' என்பார்கள். ரத்தம் என்று நினைப்பவரும் அதைச் சொல்லலாம். வளர்ப்பு என்று நினைப்பவரும் சொல்லலாம். எந்தப் பொருளில் சொன்னாலும் விரல் தாயை நோக்கித்தான் நீள்கிறது. நம் வீடுகளில் நடக்கிற பிறப்பா வளர்ப்பா விவாதம் பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. ஒரு பிள்ளை ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, யார்மேல் குற்றம் என்ற கேள்விக்கு விடை தேடுகிறோம். முதல் கேள்வியை ஆய்வுக்கூடத்திலும் இரட்டையரிடமும் கேட்கலாம். இரண்டாவது கேள்வியைக் கேட்கவே வேண்டிய இடங்கள் மிகக் குறைவு.

குச்சியும் தோலும்

பட்டிமன்ற நடுவர்கள் வழக்கமாகச் சொல்லும் தீர்ப்பு, இரண்டும் சேர்ந்ததே மனிதன் என்பது. எனக்கு அந்தத் தீர்ப்பில் மனநிறைவு இல்லை. எவ்வளவு பிறப்பு, எவ்வளவு வளர்ப்பு என்று பங்கு பிரிக்கும் எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. மேளத்தின் ஒலியில் குச்சிக்கு எத்தனை விழுக்காடு, தோலுக்கு எத்தனை விழுக்காடு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நார்வேயில் போர்க்னி ஏகலாந்து என்ற தாய்க்கு இரண்டு குழந்தைகள். இருவருக்கும் மூளை வளர்ச்சி நின்றுபோனது. இருவர்மேலும் ஒரு விநோதமான வாடை வீசியது. மருத்துவர் மருத்துவராக அலைந்தும் காரணம் சொல்ல ஆளில்லை. கடைசியாக 1934இல் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளின் சிறுநீரைப் பரிசோதித்துக் காரணத்தைக் கண்டார். புரதத்தில் உள்ள ஃபினைல்அலனின் என்ற பொருளைச் சிதைக்க முடியாத பிறவிக் குறை அது. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு பிரதியாகக் கடத்தும் மரபணுவால்தான் வருகிறது. இதைவிடத் தெளிவான பிறவி நோய் வேறு இருக்க முடியாது. ஆனால் 1950களில் அந்தப் பொருள் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தபோது பாதிப்பைத் தடுக்க முடிந்தது. 1960களில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்டுபிடிக்கும் சோதனை வந்தது. இன்று அந்த மரபணுவோடு பிறக்கும் குழந்தை, சரியான உணவு தொடக்கத்திலிருந்தே கிடைத்தால், மற்றக் குழந்தைகளைப் போலப் படித்து வளர்கிறது. அந்த மரபணு இல்லாவிட்டால் ஃபினைல்அலனின் நிறைந்த வழக்கமான உணவு யாரையும் எதுவும் செய்யாது. அந்த வழக்கமான உணவு இல்லாவிட்டால் அந்த மரபணு மூளையைத் தொடாது. இதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று எந்த நடுவர் சொல்வார்? அந்தத் தாயின் இரு பிள்ளைகளுக்கும் காலத்தில் அது கிடைக்கவில்லை. அவர் விடாமல் கேட்ட கேள்வியால் மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

ஆட்டிசத்தில் மரபுக்கு 80 விழுக்காடு பங்கு என்று 2019இல் ஐந்து நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை வைத்துச் சொன்னார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் உறவினர் ஒருவர், "அப்ப மிச்சம் இருபதுக்குத்தான் இவ்வளவு செலவா?" என்று கேட்டார். அந்த எண் என் மருமகனை 80க்கும் 20க்கும் கூறு போடவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தில், ஒரு காலத்தில், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் மரபணு வேறுபாட்டுக்கு உள்ள தொடர்பையே அது சொல்கிறது. மாற்ற முடியுமா என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மனிதர்களின் உயரத்திலும் மரபின் பங்கு ஏறக்குறைய அதே அளவுதான். ஆனாலும் தென் கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஒரு நூற்றாண்டில் 20 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. நூறு ஆண்டுகளில் அவர்களின் மரபணு மாறிவிடவில்லை. வயிற்றுக்குக் கிடைத்த உணவு மாறியது.

எனக்குள் இன்னும் ஓர் அச்சம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. பிறவியில் வருவது உண்டு என்று நான் ஒப்புக்கொண்டால், தாத்தாவின் விரலில் மை பூசியவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறேனா? பல நாள் யோசித்துவிட்டு, இல்லை என்றே நினைக்கிறேன். அந்தச் சட்டம் எந்த மனிதனின் உடலையும் ஆராய்ந்து எழுதப்படவில்லை. அரசிதழில் பெயர் அச்சான நாளில் ஒருவன் பிறவிக் குற்றவாளி ஆனான். 1947இல் சட்டம் நீங்கிய நாளில் அப்படி இல்லாமல் போனான். அரசிதழில் தொடங்கி அரசிதழில் முடிகிற உயிரியல் எதுவும் உலகத்தில் இல்லை. அவர்களுடைய சொல்லுக்கு அவர்களே நேர்மையாக இருக்கவும் இல்லை; ரத்தத்தில் ஊறியது என்று சட்டம் எழுதிய அதே அரசு, திருத்தி எடுக்கலாம் என்று குடியேற்றங்களையும் பள்ளிகளையும் நிறுவியது. ஒரு சாதிக்கே ஒரு குணம் உண்டு என்று சொல்வதும், ஒரு குழந்தையின் நரம்புகள் ஒலியை வேறு விதமாக ஏற்கின்றன என்று சொல்வதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக எண்ணி, முதலாவதின்மேல் இருந்த கோபத்தை இரண்டாவதின்மேல் கொட்டியது என் பிழை. மனிதர் அனைவரும் சமம் என்ற என் நம்பிக்கை, மனிதர் அனைவரும் ஒரே மாதிரி பிறக்கிறார்கள் என்பதன்மேல் நின்றிருந்தது. அப்படி நிற்க வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது. என் மருமகன் வேறு மாதிரி பிறந்தவன். யாருக்கும் குறைந்தவனாகப் பிறக்கவில்லை.

ஏப்ரல் 2ஆம் நாளை ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக உலகம் கடைப்பிடிக்கிறது. மறுநாள் எங்களுக்குப் பெருங்காமநல்லூர் நினைவு நாள். ஆண்டுதோறும் இரண்டாவது நாளுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தவன், இந்த ஆண்டு இரண்டுக்கும் போனேன். முதல் நாள் மதுரையில் அவன் பயிற்சி பெறும் மையத்தில் பிள்ளைகளோடு நடந்தேன். மறுநாள் தங்கையையும் அவனையும் பெருங்காமநல்லூருக்கு அழைத்தேன். "கூட்டமா இருக்குமேண்ணே, மைக் செட் சத்தத்துக்கு அவன் தாங்க மாட்டானே" என்றாள். எல்லாரும் மாலை போட்டுவிட்டுப் போன பிறகு, வெயில் இறங்கியதும் போனோம்.

அவனுக்கு இப்போது 12 வயது. தேவைப்பட்டதைக் கேட்கிற அளவுக்குப் பேச்சு வந்திருக்கிறது. எண்களும் எழுத்துகளும் அவனுக்கு மிகவும் பிடிக்கும். நினைவுத்தூணில் உள்ள பெயர்களைக் கண்டதும் கிட்டே போய், ஒவ்வொரு பெயரின் மேலும் ஆள்காட்டி விரலை வைத்து, எழுத்தின் பள்ளத்திலேயே இழுத்துக்கொண்டு போனான். கடைசிப் பெயர் முடிந்ததும் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் "பதினாறு" என்றான். பிறகு மறுபடியும் முதல் பெயரிலிருந்து தொடங்கினான். இருட்டும் வரைக்கும் நாங்கள் அவனை அவசரப்படுத்தவில்லை.